பஞ்சு வியாபாரி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புகுந்தது எப்படி? தாதாபாய் நவ்ரோஜி குறித்து ஒரு விரிவான பதில்

வியாபாரம் செய்வதற்காக இங்கிலாந்து போன தாதாபாய் நவ்ரோஜி, ஆளப்படும் நாட்டில் பிறந்தவராக இருந்தும், ஆள்பவர்களின் நாடாளுமன்றத்திலேயே உறுப்பினரானது எப்படி, அதற்கு அவருடைய பணம்தான் காரணமா, அங்கே மூன்றாண்டு இருந்து அவர் சாதித்தது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும், உங்கள் மனத்தில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: வியாபாரம் என்பது அவர் ஏறிப் போன ஏணி மட்டும்தானா, ஏறியதும் அதை உதறிவிட்டாரா? அப்படியல்ல என்பதே என் பதில். நவ்ரோஜியின் அரசியல் அவருடைய கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தது. வியாபாரியாக அவர் கேட்கப் பழகிய ஒரு கேள்வியை ஒரு சாம்ராஜ்யத்தைப் பார்த்துக் கேட்டார். பின்னாளில் செய்த எல்லாம் அதன் தொடர்ச்சி.

நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதார வரலாறு கற்பித்தவன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஒரு பஞ்சுக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவன். கற்பித்த அனுபவத்தைவிட, பேரேட்டின் முன் உட்கார்ந்திருந்த அந்த நான்கு ஆண்டுகளே நவ்ரோஜியைப் புரிந்துகொள்ள எனக்கு அதிகம் உதவின. எனக்குக் குஜராத்தி தெரியாது. எனவே அவருடைய குடும்ப வாழ்க்கை பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிப் பேசியவை, அரசு ஆவணங்கள், தேர்தல் முடிவுகள் ஆகியவற்றை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அவர் 1825 செப்டம்பர் 4 அன்று ஓர் ஏழைப் பார்சிப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊர் நவ்சாரி என்று சிலரும் பம்பாய் என்று சிலரும் எழுதுகிறார்கள். வளர்ந்தது பம்பாயில் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நான்கு வயதில் தந்தையை இழந்த பிள்ளையை எழுத்தறிவில்லாத தாய் மாணெக்பாய் வளர்த்தார். கட்டணமில்லாமல் கல்வி கிடைத்ததால்தான் எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடம் வரை போக முடிந்தது. பொதுப் பணத்தில் படித்தவன் பொதுமக்களுக்குத் திருப்பிச் செலுத்தக் கடமைப்பட்டவன் என்று பிற்காலத்தில் அவரே சொன்னதுண்டு. இருபது வயதுக்குள் அவரைச் சட்டம் படிக்க இங்கிலாந்து அனுப்ப, பம்பாய் நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி பாதிச் செலவை ஏற்க முன்வந்தார். போனால் பையன் கிறிஸ்தவனாகிவிடுவான் என்று சமூகப் பெரியவர்கள் அஞ்சியதால் அது நடக்கவில்லை. 1850-களின் நடுவில், அதே எல்ஃபின்ஸ்டனில் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்கும் பேராசிரியரானார். அங்கே அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். பம்பாயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியதும், 1851-இல் ‘ராஸ்த் கோஃப்தார்’ என்ற குஜராத்திப் பத்திரிகையை ஆரம்பித்ததும் இந்தக் காலத்தில்தான். ஆக, கணித ஆசிரியராகவும் சீர்திருத்தக்காரராகவும் உருவான பிறகுதான் அவர் வியாபாரத்துக்கு வந்தார். இந்த வரிசை முக்கியமானது.

1855-இல் பம்பாய்ப் பார்சி வணிகர்களான காமா குடும்பத்தார் லண்டனிலும் லிவர்பூலிலும் ஒரு வணிக நிறுவனம் தொடங்கியபோது, நவ்ரோஜியையும் பங்காளியாகச் சேர்த்து அழைத்துப் போனார்கள். இங்கிலாந்தில் இந்தியர் நிறுவிய முதல் வணிக நிறுவனம் அதுதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பேராசிரியர் ஒருவர் வியாபாரத்துக்குப் போவது, அதுவும் சூயஸ் கால்வாய் வெட்டப்படாத நாளில் கடல் தாண்டிப் போவது, அன்று பலருக்கும் வியப்பாக இருந்தது. 1858-இல் அந்தப் பங்கிலிருந்து அவர் விலகிவிட்டார். அபினியிலும் மதுவிலும் வரும் லாபத்தில் பங்கு கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை என்பதே வாழ்க்கை வரலாறுகள் சொல்லும் காரணம். அவருடைய பிற்கால நடத்தையோடு அது பொருந்துகிறது. ஆனால், பங்காளிகள் பிரிவதற்கு எப்போதும் ஒரே ஒரு காரணம்தான் இருக்கும் என்று மண்டியில் வேலை பார்த்த எவரும் சொல்லமாட்டார்கள். மறு ஆண்டு தம் பெயரிலேயே ஒரு பஞ்சு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். அதே சமயம் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் 1866 வரை இருந்தார்.

அந்த நாளில் பஞ்சு வியாபாரம் என்றால் லிவர்பூல்தான். பம்பாயில் அழுத்திக் கட்டிய பொதிகள் கப்பலேறி லிவர்பூல் துறைமுகத்துக்கு வரும். அங்கே தரகர்கள் மாதிரி பார்த்து விலை வைப்பார்கள். அங்கிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குப் போகும். குட்டை இழையும் தூசியும் கொண்ட இந்தியப் பஞ்சை, ‘சூரத்’ என்ற பொதுப் பெயரில், ஆலைக்காரர்கள் இரண்டாந்தரமாகவே மதித்தார்கள். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு தென் மாநிலங்களின் பஞ்சு நின்றுபோனதும் அந்த இரண்டாந்தரப் பஞ்சுக்குப் பொன் விலை கிடைத்தது. பம்பாயில் பணம் கொட்டியது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளைக்கூட மக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். 1865-இல் போர் முடிந்த செய்தி வந்ததும் பஞ்சு விலை சரிந்தது. அதோடு வங்கிகளும் கம்பெனிகளும் வரிசையாக விழுந்தன. அந்தச் சரிவில் நவ்ரோஜியின் நிறுவனமும் பலத்த அடி வாங்கியது. கணக்குகளை மறைக்காமல் கடன்காரர்கள் முன் திறந்து வைத்ததால் அவர்கள் நெருக்காமல் விட்டார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மீண்டும் எழுந்து நின்றாலும் பெருஞ்செல்வர் ஆகும் வாய்ப்பு அத்தோடு போய்விட்டது. பணத்தால் நாடாளுமன்றம் போனாரா என்ற உங்கள் ஐயத்துக்கு இது பாதி விடை.

மிச்சப் பாதி விடை அவர் கேட்கத் தொடங்கிய கேள்வியில் இருக்கிறது. வியாபாரம் நொடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1865-இல் லண்டன் இந்தியச் சங்கமும் 1866-இல் கிழக்கிந்தியச் சங்கமும் அவர் முயற்சியில் எழுந்தன. 1867 மே மாதம் அந்தக் கிழக்கிந்தியச் சங்கத்தில், இந்தியாவுக்கு இங்கிலாந்து பட்டிருக்கும் கடன் என்ற பொருளில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். எதிரே இருந்தவர்களில் பலர் இந்தியாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள் என்பதை நினைவில் வைத்தால், அந்தத் தலைப்பின் துணிவு புரியும்.

அந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக விளக்குகிறேன், ஏனென்றால் அவருடைய வாழ்க்கை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பம்பாயிலிருந்து ஒருவர் 100 ரூபாய்ச் சரக்கை ஏற்றி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ், லாபம் எல்லாம் சேர்த்து அது வெளிநாட்டில் 115 ரூபாய்க்கு விற்கிறது. அந்த 115 ரூபாய் சரக்காகவோ வெள்ளியாகவோ திரும்பி வரவேண்டும். அப்படியானால் லாபத்தில் வியாபாரம் செய்யும் ஒரு நாட்டின் இறக்குமதி, அதன் ஏற்றுமதியைவிட அதிகமாக இருக்கவேண்டும். இங்கிலாந்தின் கணக்கு அப்படித்தான் இருந்தது. இந்தியாவின் கணக்கோ ஆண்டுதோறும் தலைகீழாக இருந்தது: போனது அதிகம், வந்தது குறைவு. ஏற்றுமதி மிகுதியை வளர்ச்சியின் அடையாளமாக அதிகாரிகள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சொந்தமாகச் சரக்கு அனுப்பி விற்ற நவ்ரோஜி, “என் சரக்கு போனது, பணம் எங்கே?” என்று கேட்டார். கடைக் கணக்கில் இப்படி ஒரு வித்தியாசம் தொடர்ந்து வந்தால், யாரோ கல்லாவில் கை வைக்கிறார்கள் என்றுதான் முதலாளி நினைப்பார்.

பணம் எங்கே போனது என்பதற்கும் அவருக்கு விடை தெரிந்திருந்தது. இந்திய வருவாயிலிருந்து ஒரு பெரும் பங்கு ஒவ்வோர் ஆண்டும் லண்டனில் செலவாயிற்று: பவுன் கணக்கில் வாங்கிய கடனுக்கு வட்டி, ரயில்வே கம்பெனிகளுக்கு 5 சதவீத உத்தரவாத வட்டி, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பென்ஷன், விடுப்பில் இருப்பவர்களின் சம்பளம், பட்டாளச் செலவு, லண்டனில் இருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா அலுவலகத்தின் செலவு. இதைத் தாயகச் செலவு என்று ஆங்கிலேயர்கள் குறித்தார்கள். தாயகம் என்றால் அவர்களுடைய தாயகம். 1867-இல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது இந்தியா அலுவலகத்தில் நடந்த நடன விருந்தின் செலவைக்கூட இந்தியக் கணக்கில்தான் எழுதினார்கள். ஹென்றி ஃபாசெட் போன்ற ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர்களே அதைக் கண்டித்தார்கள். பணம் போன வழியும் நுட்பமானது. லண்டனில் இந்தியா மந்திரி (இந்திய ஆட்சிக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் மந்திரி) ‘கவுன்சில் பில்’ எனப்படும் உண்டியல்களை, அதாவது காட்டியவருக்குப் பணம் தரச் சொல்லும் சீட்டுகளை, விற்பார். பஞ்சு வாங்க வேண்டிய ஆங்கிலேய வியாபாரி அங்கே பவுன் கொடுத்து அதை வாங்குவார். அந்த உண்டியலை பம்பாயிலோ கல்கத்தாவிலோ மதராஸிலோ காட்டினால் அரசுக் கஜானா ரூபாய் கொடுக்கும். அந்த ரூபாய் விவசாயி கட்டிய நிலவரி. அதாவது, விவசாயி விளைத்த பஞ்சுக்கு அவரே கட்டிய வரிப் பணத்திலிருந்து விலை கொடுத்தார்கள். பவுன் லண்டனைவிட்டு நகரவேயில்லை. செல்வம் உறிஞ்சப்படுகிறது என்ற கருத்துக்கு நவ்ரோஜி கொடுத்த வடிவம் இதுதான். உண்டியல் மாற்றிப் பழகாத ஒருவருக்கு இந்தச் சுற்று எளிதில் கண்ணில் பட்டிருக்காது.

அடுத்து, இந்தியனின் சராசரி வருமானம் எவ்வளவு என்று கணக்கிட்டார். அரசே அப்படியொரு கணக்கைப் போட்டிருக்கவில்லை. 1870 வாக்கிலான அரசு அறிக்கைகளை வைத்து மாகாணம் மாகாணமாகச் சாகுபடிப் பரப்பு, ஏக்கருக்கு விளைச்சல், விலை ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்டினார். அதில் அவர் கண்ட ஒரு தவற்றை நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் எடுத்துக்காட்டுவேன். மாவட்டங்களின் சராசரி விளைச்சலைக் கூட்டி, மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதையே மாகாணச் சராசரி என்று அதிகாரிகள் அச்சிட்டிருந்தார்கள். ஒரு மாவட்டத்தில் 1,000 ஏக்கரில் ஏக்கருக்கு 20 மூட்டை, இன்னொன்றில் 99,000 ஏக்கரில் ஏக்கருக்கு 6 மூட்டை என்றால், அவர்கள் முறைப்படி சராசரி 13. உண்மையில் அது 6-ஐச் சற்றே தாண்டும். (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை; தவறு அவர்கள் செய்ததுதான்.) பழைய கணித ஆசிரியர் இங்கே கண் விழித்துக்கொள்கிறார். திருத்திக் கணக்கிட்டு, கைத்தொழில் முதலியவற்றுக்கும் ஒரு தொகை சேர்த்து, 17 கோடி மக்களுக்கு மொத்தம் 34 கோடி பவுன் என்று கண்டார். தலைக்கு 2 பவுன், அன்றைய மாற்று மதிப்பில் ஆண்டுக்கு 20 ரூபாய். இதை 1876-இல் பம்பாயில் வாசித்த கட்டுரையில் வைத்தார். பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் வைத்தார். வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலில் அனுப்பப்படும் கூலியாட்களுக்கு அரசே விதித்திருந்த உணவுப் பட்டியலை எடுத்துக்கொண்டார்: அரிசி அல்லது மாவு, பருப்பு, ஆட்டிறைச்சி, காய்கறி, நெய், எண்ணெய், உப்பு. அதற்கு விலை போட்டுப் பார்த்தால், உயிர் தாங்க ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வரை இடத்துக்கு இடம் ஆயிற்று. அதில் உடை இல்லை, வீடு இல்லை, கல்யாணம் கருமாதி இல்லை. சராசரி வருமானம் 20 என்றால், சராசரிக்குக் கீழே இருப்பவன் எதைத் தின்பான் என்பதை அவர் வாசகரின் கணக்குக்கே விட்டுவிட்டார்.

இங்கே உறுதியானதையும் விவாதத்துக்குரியதையும் பிரித்துச் சொல்வது என் கடமை. ஏற்றுமதி மிகுதி இருந்தது, தாயகச் செலவு இந்திய வருவாயிலிருந்து போனது, இவை இரண்டும் ஐயத்துக்கு இடமில்லாதவை. அந்தத் தொகை முழுவதையும் இழப்பாக எழுதலாமா என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். ரயில்வேக்காக வாங்கிய கடனுக்கு வட்டி கொடுத்ததும் நடன விருந்துக்குப் பணம் கட்டியதும் ஒன்றல்ல என்ற வாதத்தில் நியாயம் உண்டு. இந்தியாவின் வறுமைக்கு இது ஒன்றே மூலகாரணம் என்று நவ்ரோஜி கருதியது மிகை என்பது என் கருத்து. 20 ரூபாய் என்பதும் தோராயமான கணக்குதான். சேவைத் தொழில்கள் அதில் சரியாக அடங்கவில்லை. ஆயினும், 1882-இல் பேரிங்கும் பார்பரும் அரசுத் தரப்பில் போட்ட கணக்கு 27 ரூபாய்க்கு மேல் போகவில்லை என்பதைப் பார்க்கும்போது, தனியொருவராக அவர் போட்ட கணக்கு எவ்வளவு அருகில் வந்திருந்தது என்பது தெரிகிறது.

இடையில் ஓர் இந்திய அத்தியாயமும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1873 முடியும்போது பரோடா சமஸ்தானத்தில் மல்ஹார்ராவ் கெய்க்வாட்டின் திவானாகப் போனார். ஊழலில் ஊறிய அரண்மனை ஒரு பக்கமும், அவரை வெறுத்த ரெசிடெண்ட் (சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி) கர்னல் ஃபெய்ர் மறு பக்கமும் இழுக்க, ஓராண்டு சுமாரில் பதவியைத் துறந்தார். ரெசிடெண்டுக்கு விஷம் வைக்க முயன்றதாக மன்னர்மீது விசாரணை நடந்து, 1875-இல் அவர் பதவி இழந்தார். அதன் பிறகு அந்தத் திவான் நாற்காலியில் அமர்ந்தவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரில் பேர் எடுத்த ராஜா சர் டி. மாதவராவ். 1881-இல் நவ்ரோஜி லண்டன் வியாபாரத்தை முடித்துக்கொண்டு பம்பாய் திரும்பினார். மாநகராட்சியிலும், 1885-இல் பம்பாய்ச் சட்ட சபையிலும் இருந்தார். அந்த ஆண்டு இறுதியில் காங்கிரஸ் தொடங்கியபோது நிறுவியவர்களில் ஒருவராக நின்றார். 1886-இல் அறுபது வயதில் மறுபடி கப்பலேறினார், இந்த முறை சரக்கு இல்லாமல்.

சட்டம் அவரை எப்படி அனுமதித்தது என்பது உங்கள் கேள்வியின் மையம். அன்றைக்கு இந்தியக் குடியுரிமை, பிரிட்டிஷ் குடியுரிமை என்று தனித்தனியாக எதுவும் இல்லை. அரசியின் ஆட்சிப் பகுதியில் பிறந்தவர் எவரும் பிரிட்டிஷ் பிரஜை. பிரிட்டிஷ் பிரஜையான ஆண் எவரும் எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். வேட்பாளருக்கு இவ்வளவு சொத்து இருக்கவேண்டும் என்ற பழைய நிபந்தனை 1858-இல் நீங்கிவிட்டது. பம்பாயில் பிரஜையாக இருந்தும் ஆட்சியைத் தேர்ந்தெடுக்க முடியாதவர், லண்டனில் வாக்களிக்கவும் நிற்கவும் முடிந்தது. இந்த வினோதத்தை நவ்ரோஜிக்கு முன்பே ஒருவர் பயன்படுத்திப் பார்த்தார்: வங்காளத்து வழக்கறிஞர் லால்மோகன் கோஷ் டெட்ஃபர்ட் தொகுதியில் 1885-இலும் 1886-இலும் லிபரல் வேட்பாளராக நின்று தோற்றார். நவ்ரோஜியும் 1886-இல் ஹோல்பர்னில் நின்று, 1,950 வாக்கு வாங்கி, 3,651 வாங்கிய கர்னல் டங்கனிடம் தோற்றார். வந்து சில மாதங்களே ஆகியிருந்தன; அயர்லாந்துப் பிரச்சினையில் லிபரல் கட்சியே பிளந்து நாடு முழுவதும் தோற்ற தேர்தல் அது. நிறம் மட்டும் அவரைத் தோற்கடிக்கவில்லை.

ஆனால், நிறம்தான் காரணம் என்று பிரதமரே சொன்னார். டங்கன் இறந்து 1888-இல் ஹோல்பர்னில் இடைத்தேர்தல் வந்தபோது கன்சர்வேடிவ் கட்சியின் வாக்கு வித்தியாசம் குறைந்தது. எடின்பரோவில் பேசிய பிரதமர் சால்ஸ்பரி பிரபு அதற்குச் சமாதானம் சொல்லும்போது, சென்ற முறை எதிரே நின்றவர் ஒரு கறுப்பு மனிதர், கறுப்பு மனிதர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஆங்கிலேயத் தொகுதி எதுவும் இன்னும் வந்துவிட்டதாகத் தாம் நினைக்கவில்லை என்றார். அந்தப் பேச்சுக்கு முன் நவ்ரோஜியை அறிந்த ஆங்கிலேயர் சிலரே. பேச்சுக்குப் பின் நாட்டில் பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் அவர் பெயர் தெரிந்துவிட்டது. லிபரல் தலைவர்கள் அவருக்கு விருந்து வைத்தார்கள். இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் பிரதமரின் நிறமே சற்றுக் கறுப்பு என்று எழுதியவர்களும் உண்டு.

இதற்கிடையில் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியின் லிபரல் சங்கம் அவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது. கடிகாரத் தொழிலாளர்களும் நகைக் கைவினைஞர்களும் நிறைந்த கிளர்க்கன்வெல் அந்தத் தொகுதிக்குள் வரும். சொந்தக் கட்சிக்குள்ளேயே போட்டி மூண்டது. ரிச்சர்டு ஈவ் என்பவரின் ஆதரவாளர்கள் தேர்வு முறையாக நடக்கவில்லை என்று நெடுநாள் சண்டை பிடித்தார்கள். அவர் ஒதுங்கிய பிறகு இன்னொரு லிபரல் புள்ளி கிளம்பி, கடைசி நேரத்தில்தான் விலகினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், தொழிலாளர் மன்றங்கள், மதுவிலக்குச் சங்கங்கள், அயர்லாந்துக்காரர்களின் கூட்டங்கள், பெண் வாக்குரிமை மேடைகள் என்று அவர் நடந்துகொண்டே இருந்தார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி, எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்கு ஆகியவற்றை வெளிப்படையாக ஆதரித்தார். இது வாக்குக்காகப் போட்ட வேஷம் என்று நான் கருதவில்லை. பெண் கல்விக்காக 1849-இலேயே பம்பாயில் ஊர்ப் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர் அவர். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அவரை ஆதரித்தார். பணத்தைப் பொறுத்தவரை, நாடாளுமன்ற உறுப்பினருக்கு அன்று சம்பளமே கிடையாது. அது 1911-இல்தான் வந்தது. தேர்தலை நடத்தும் அதிகாரியின் செலவைக்கூட வேட்பாளர்கள்தான் பகிர்ந்து கட்டவேண்டும். தம்முடைய சேமிப்போடு, பம்பாய் நண்பர்களும் சமஸ்தான மன்னர்கள் சிலரும் தந்த உதவியைக் கொண்டு அவர் சமாளித்தார். பணக்காரராக இருந்து பதவி வாங்கினார் என்பதைவிட, பதவிக்காக இருந்ததையும் செலவழித்தார் என்பதே பொருந்தும்.

1892 ஜூலையில் நடந்த தேர்தலில், ஏறத்தாழ 6,000 பேர் வாக்களித்த தொகுதியில், கேப்டன் பென்டன் என்ற கன்சர்வேடிவ் வேட்பாளரை அவர் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் வென்றார். வித்தியாசம் 3 என்று சில நூல்களும் 5 என்று வேறு சில நூல்களும் கூறும். வாக்குகளைத் திரும்ப எண்ணியதால் வந்த குழப்பம் அது. நவ்ரோஜி என்ற பெயர் வாயில் நுழையாத லண்டன்காரர்கள், மெல்லிய பெரும்பான்மை என்று பொருள்படும் ‘நேரோ மெஜாரிட்டி’ என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். பைபிளுக்குப் பதிலாகத் தம் ஜரதுஷ்டிர மதத்தின் கோர்தே அவெஸ்தாவைக் கையில் வைத்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார். இங்கே இரண்டு திருத்தங்கள் சொல்லவேண்டும். முதல் ஆசிய உறுப்பினர் என்று அவரைச் சொல்லும்போது, சர்தானாவின் பேகம் சம்ருவின் வாரிசும் கலப்பு வம்சத்தவருமான டைஸ் சோம்பர் 1841-இல் சட்பரி தொகுதியில் வென்றதை நினைவில் கொள்ளவேண்டும். லஞ்சப் புகாரில் அந்தத் தேர்தல் மறு ஆண்டே செல்லாமல் போனது. முழுக்க இந்தியரான முதல் உறுப்பினர் நவ்ரோஜி என்றால் தவறில்லை. இரண்டாவது, முகமது அலி ஜின்னா அந்தத் தேர்தலில் நவ்ரோஜிக்காகத் தெருத் தெருவாக வேலை செய்தார் என்று பரவலாக எழுதப்படுவது. ஜின்னா இங்கிலாந்துக்குக் கப்பலேறியதே தேர்தல் முடிந்து சில மாதம் கழித்துத்தான் என்று காட்டும் சான்றுகள் வலுவாக இருப்பதால், நான் அதை ஏற்பதில்லை. 1906 கல்கத்தா காங்கிரஸில் நவ்ரோஜி தலைமை தாங்கி ‘ஸ்வராஜ்’ என்ற சொல்லை மேடையில் வைத்தபோது, ஜின்னா அவருக்குச் செயலாளராக இருந்தார் என்பது உண்மை.

நாடாளுமன்றத்தில் அவர் சாதித்தது என்ன? எண்ணிக்கையில் பார்த்தால் கொஞ்சம்தான். இந்தியாவின் உயர் நிர்வாகப் பதவிகளுக்கான ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும் நடப்பது இந்தியருக்குக் கதவை அடைப்பதற்குச் சமம் என்று அவர் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார். 1893 ஜூன் 2 அன்று, இந்தியாவிலும் ஒரே நேரத்தில் தேர்வு நடத்தவேண்டும் என்று ஹெர்பர்ட் பால் கொண்டுவந்த தீர்மானம், நவ்ரோஜியின் ஆதரவோடு, 84-க்கு 76 என்ற வாக்கில் நிறைவேறியது. அரசே எதிர்த்தும் நிறைவேறிய தீர்மானம் அது. அதனாலேயே அரசு அதை நடைமுறைப்படுத்தாமல் கிடப்பில் போட்டுவிட்டது. இதுவும் அவர் கணக்கோடு சேர்ந்ததுதான். சம்பளம் வாங்குபவர் இந்தியராக இருந்தால் சம்பளமும் பென்ஷனும் இந்தியாவிலேயே செலவாகும் என்பதால், உத்தியோகக் கோரிக்கையை அவர் கௌரவப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. ஒழுகும் பாத்திரத்தின் ஓட்டையை அடைக்கும் வேலையாகப் பார்த்தார். 1895 தேர்தலில் தோற்றார். அதே தேர்தலில் இன்னொரு பம்பாய்ப் பார்சியான மஞ்சர்ஜி பாவ்நக்ரி கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் வென்றது அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாவ்நக்ரி இந்தியத் தேசிய இயக்கத்தை எதிர்த்தவர்.

பதவியை இழந்த ஆண்டில்தான் தம் கேள்வியை அரசாங்கத்தின் மேஜைமீது வைக்க அவருக்கு இடம் கிடைத்தது. இந்தியச் செலவுகளை ஆராய 1895-இல் வெல்பி பிரபு தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. அப்படியொரு கமிஷன் வேண்டும் என்று கேட்டவர்களில் நவ்ரோஜியே முதன்மையானவர், எனவே அவரும் அதில் உறுப்பினரானார். உறுப்பினர் நாற்காலியிலிருந்து எழுந்து சாட்சி நாற்காலியிலும் போய் அமர்ந்து, எழுத்திலும் வாய்மொழியிலும் தம் கணக்கை ஒப்புவித்தார். கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரோடு சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயரும் 1897-இல் லண்டன் சென்று அந்தக் கமிஷன் முன் சாட்சி சொன்னார். 1900-இல் வந்த பெரும்பான்மை அறிக்கை, சில செலவுகளில் ஒரு பகுதியை மட்டும் பிரிட்டன் ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. கமிஷன் உறுப்பினர்களான நவ்ரோஜி, வெட்டர்பர்ன், கெய்ன் மூவரும் தனி அறிக்கை கொடுத்தார்கள். அவருடைய முக்கிய எழுத்துகள் தொகுக்கப்பட்டு 1901-இல் நூலாக வந்தன. 1906-இல் வட லாம்பெத்தில் மறுபடி நின்று தோற்று, மறு ஆண்டு இந்தியா திரும்பி, பம்பாயை அடுத்த வெர்சோவாவில் குடியமர்ந்தார். இந்தியாவை ஆளும் மந்திரியின் சம்பளத்தை இந்தியாவே கட்டுவது நியாயமா என்பது அவரும் காங்கிரஸும் பல ஆண்டுகள் எழுப்பிய கேள்வி. அந்த ஒரு பற்று, இந்தியக் கணக்கிலிருந்து பிரிட்டிஷ் கணக்குக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மாற்றி எழுதப்பட்டது. நவ்ரோஜி 1917 ஜூன் 30 அன்று, தொண்ணூற்றோரு வயதில், பம்பாயில் காலமாகியிருந்தார்.